சேலத்து வெயிலுக்கு ஒரு கண்ணாடி, ஏற்காட்டுப் பனிக்கு வேறு கண்ணாடி

சேலம் அஸ்தம்பட்டியில் மேற்குப் பார்த்த அறையொன்றில் ஏப்ரல் மாதத்து மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்திருப்பவருக்கு, வெப்பம் எந்த வழியாக வருகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சன்ஷேடுக்கும் கீழே தாழ்ந்து வரும் வெயில் நேராக ஜன்னல் கண்ணாடியில் விழுகிறது. இரட்டைக் கண்ணாடி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார், பாதிதான் உண்மை.

இரட்டைக் கண்ணாடியில் வெப்பத்தைத் தடுப்பது கண்ணாடியன்று, நடுவில் அடைபட்டுக் கிடக்கும் காற்று. கண்ணாடியோடு ஒப்பிட்டால் அசையாத காற்று ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு வெப்பத்தையே கடத்தும். இடைவெளி 12 முதல் 16 மில்லிமீட்டர் வரை இருப்பது போதும். அதற்கு மேல் அகலப்படுத்தினால் உள்ளிருக்கும் காற்று சுழலத் தொடங்கி, தானே வெப்பத்தைச் சுமந்து செல்லும். காற்றுக்குப் பதிலாக ஆர்கான் வாயுவை நிரப்பினால் கடத்தல் மேலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். இவ்வாறு கடந்துவரும் வெப்பத்தின் அளவே யு-மதிப்பு. ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, ஒற்றைக் கண்ணாடி 5.7 வாட் அளவிலும் சாதாரண இரட்டைக் கண்ணாடி 2.8 வாட் அளவிலும் விடும்.

வெளியே 38 டிகிரி, ஏ.சி. அறைக்குள் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கண்ணாடி வழியே சதுர மீட்டருக்கு 74 வாட் வரும். இரட்டையில் 36 வாட். மிச்சம் 38 வாட். ஆனால் அதே ஜன்னலில் 500 வாட் வெயில் விழுமானால், ஒற்றைக் கண்ணாடி அதில் 400 வாட்டையும், பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடி 350 வாட்டையும் உள்ளே அனுப்பிவிடும். ஆகவே சேலத்தில் முதலில் கேட்க வேண்டியது யு-மதிப்பையன்று. வெயிலில் எத்தனை பங்கை உள்ளே விடும் என்று காட்டும் எஸ்.ஹெச்.ஜி.சி. எண்ணை. அது 0.3 ஆக இருந்தால் 150 வாட்தான் நுழையும்.

இதைச் சாதிப்பது லோ-இ எனப்படும் மெல்லிய வெள்ளிப் பூச்சு. வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். வெயில் தடுக்கும் வகைப் பூச்சு அதில் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பி, வெளிச்சத்தை மட்டும் ஓரளவு உள்ளே விடுகிறது. நம் ஊருக்கு அது வெளிக்கண்ணாடியின் உட்புறத்தில், அதாவது இரண்டாம் முகத்தில், இருக்க வேண்டும். இருட்டும் நேரத்தில் கண்ணாடியருகே ஒரு லைட்டரைப் பற்றவைத்துப் பாருங்கள். நான்கு முகங்களுக்கும் நான்கு சுடர்கள் தெரியும். அவற்றுள் நிறம் மாறித் தெரிவதே பூச்சுள்ள முகம். வெளியிலிருந்து பார்க்கையில் இரண்டாவது சுடர் நிறம் மாறியிருந்தால், சரியான பக்கம் பொருத்தியிருக்கிறார்கள்.

ஏற்காட்டின் கதை வேறு. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது பையிலிருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், மேலே காற்றழுத்தம் சுமார் 13 சதவீதம் குறைவு. சமவெளியில் ஒட்டி அடைத்த இரட்டைக் கண்ணாடிக்கும் இதே கதிதான். மலைக்குளிர் உள்ளிருக்கும் காற்றைச் சற்றுச் சுருக்கினாலும் அழுத்தம் முழுதும் ஈடாவதில்லை. பெரிய கண்ணாடி வளைந்துகொடுத்துத் தப்பிக்கும். சின்னஞ்சிறு ஜன்னலின் கண்ணாடி வளைய முடியாமல் பாரத்தை விளிம்புப் பசையின் மேல் ஏற்றிவிடும். எனக்குத் தெரிந்த எஸ்டேட் பங்களா ஒன்றில் கூடத்து ஜன்னல்கள் நன்றாயிருக்க, குளியலறைச் சதுர ஜன்னல்தான் இரண்டாவது மழைக்காலத்தில் உள்ளே நீர் கோத்துக்கொண்டது. விளிம்புச் சட்டத்துக்குள் ஈரமுறிஞ்சும் மணிகள் இருக்கும். பசை விட்டபின் மூடுபனியின் ஈரத்தை எத்தனை நாள்தான் அவை குடிக்கும்? அந்த நீரைத் துடைக்கவும் வழியில்லை.

விளிம்பில் முடியளவு துளையுள்ள நுண்குழாய் வைத்துச் செய்தால் அழுத்தம் மெல்லச் சமனாகும். ஆனால் குழாய் திறந்தே இருந்தால் ஆர்கானும் அதே வழியில் கசிந்துவிடும் என்பதால், ஏற்காட்டுக்கு வெறுங்காற்றும் நல்ல பூச்சும் போதும் என்பேன். அளவு எழுதிக் கொடுக்கும் சீட்டில் அகலம், நீளத்தோடு இடத்தின் உயரத்தையும் எழுதிவிடுங்கள். கண்ணாடியை ஒட்டி அடைத்தபின் அதைச் சொல்லிப் பயனில்லை.