பிரஷர் பார்க்க வருகிறவர்கள்

சென்னையின் தென் புறநகரில் நான் நடத்தும் சிறு கிளினிக்கிற்கு, 74 வயதான ஓர் அம்மா செவ்வாய்க்கிழமைதோறும் பிரஷர் பார்க்க வந்துகொண்டிருந்தார். (அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒவ்வொரு முறையும் 130/80-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஐந்தாவது வாரம், கையில் சுற்றிய பட்டையை நான் கழற்றப்போனபோது, "இன்னொரு தடவை பார்த்துடுங்களேன் டாக்டர்" என்றார். அந்த வாரத்தில் அவர் கையைத் தொட்ட ஒரே மனிதர் நான்தான் என்பது பிறகு பேச்சுக் கொடுத்தபோது தெரிந்தது.

அவருடைய மகன் வெளிநாட்டில் இருக்கிறார், பொறுப்பானவர். அம்மா அலையக் கூடாது என்று பால், காய்கறி, மாத்திரை எல்லாம் வாசலுக்கே வந்து சேரும்படி ஏற்பாடு செய்து, கரண்ட் பில்லையும் அங்கிருந்தே கட்டிவருகிறார். ஆனால் அதிகாலையில் ஆவின் பூத்தில் சில்லறைக்காக நடந்த வாக்குவாதம், கீரைக்காரம்மாவிடம் பேரம், "போன வாரம் ஏன்மா வரலை?" என்ற மருந்துக்கடைத் தம்பியின் விசாரிப்பு ஆகிய அனைத்தும் அந்த ஏற்பாட்டால் ஒரே மாதத்தில் நின்றுபோயின. யாரும் அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. வசதி கூடக்கூட மனித முகங்கள் குறைந்துகொண்டே வந்தன, அவ்வளவுதான்.

தனியாக வசிப்பது வேறு, தனிமையில் வாடுவது வேறு. ஆறு பேர் இருக்கும் வீட்டில் யாரும் பேசாமல் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களையும் நான் பார்க்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்படுவதாகவும், ஆண்டுக்குச் சுமார் 8,71,000 மரணங்களுக்கு அதனோடு தொடர்பு இருப்பதாகவும் கூறுகிறது. மாரடைப்பு, பக்கவாதம், மறதி நோய் ஆகியவற்றின் அபாயத்தை அது கூட்டுகிறது. இதில் என் கண்ணுக்கு நேராகத் தெரியும் வழி மிகச் சாதாரணமானது: "ஒருத்திக்காக எதுக்கு அடுப்பு மூட்டணும்?" என்று மூன்று வேளையும் தயிர்சாதமும் ஊறுகாயும் சாப்பிடுகிறார்கள், பேச்சுத்துணை இல்லாத வீட்டில் மாத்திரையை நினைவூட்டவும் ஆளிருப்பதில்லை.

ஒருவர் ஒதுங்கிப்போவதை மனம் சார்ந்த விஷயமாக மட்டும் பார்த்தால் பாதியைத் தவறவிடுவோம். முதலில் நான் காதைப் பார்ப்பேன். காது மந்தமானவர், மற்றவர்கள் இரண்டாம் முறை சொல்லும்போது குரலில் ஏறும் எரிச்சலைக் கேட்டுக் கேட்டு, கூட்டத்திற்குப் போவதையே விட்டுவிடுகிறார். சிலருக்குக் காதில் அடைத்திருந்த அழுக்கை எடுத்ததுமே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கிறது. அடுத்தது முழங்கால்; லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி ஒரு சிறைதான். மூன்றாவதை யாரும் தாமாகச் சொல்வதில்லை: சிரித்தால், தும்மினால் சிறுநீர் கசிவதால் கல்யாண வீட்டையும் கோவிலையும் தவிர்க்கும் பெண்கள் ஏராளம். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். பெரும்பாலும் பயிற்சியாலும் மருந்தாலும் குறைக்கக்கூடிய இந்தத் தொல்லைக்காக ஒருவர் பத்தாண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

அக்கம்பக்கத்தாரிடம் நான் வைக்கும் வேண்டுகோள் சற்று விநோதமாகத் தோன்றலாம்: தனிமையில் இருப்பவரிடம் உதவி செய்யப் போகாதீர்கள், உதவி கேட்டுப் போங்கள். இரக்கப்பட்டுப் பார்க்க வருகிறவரை எதிர்கொள்வது முதியவருக்கு ஒரு சுமை. அவருக்காகச் சட்டை மாற்றிக்கொண்டு, காபி போட்டு, நலமாக இருப்பதாக நடிக்க வேண்டும். அந்த அம்மாவின் கதையில் திருப்பம் வந்ததும் இப்படித்தான். எதிர் வீட்டுத் தம்பதி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளி வேனிலிருந்து இறங்கும் மகளை மாலை 3:45 முதல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். அதன்பின் அவர் செவ்வாய்க்கிழமைகளை மறந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து மாத்திரைச் சீட்டுக்காக வந்தபோது எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. குழந்தைக்காகச் செய்யும் தோசையில் இரண்டை அவரும் சாப்பிடுகிறாராம்.

திண்ணை போனதால்தான் தனிமை வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தத் திண்ணையில் எல்லோருக்கும் உட்கார இடமிருந்ததில்லை என்பதால், அந்த ஏக்கத்தில் எனக்குப் பங்கில்லை. புதிதாகச் செய்ய முடிவதைப் பார்ப்பதே மேல். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா, 2006-இல் தொடங்கிய முயற்சியில், ஹராரே நகரச் சுகாதார நிலையங்களின் வெளியே மரப்பெஞ்சுகளைப் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை அவற்றில் உட்காரவைத்தார். மனச்சோர்வை அந்த ஊர் மொழியில் 'குஃபுங்கிசிசா' என்கிறார்கள்; அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். "ஒரே யோசனையா இருக்கு டாக்டர்" என்று நம் ஊரில் சொல்வதும் அதைத்தான். ஆறு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு அறிகுறிகள் கணிசமாகக் குறைந்திருந்ததை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் அடுக்ககச் சங்கங்களுக்குப் பெஞ்சு வாங்குவது பெரிய செலவில்லை. அதை லிஃப்ட்டுக்குப் பக்கத்தில், எல்லோரும் கடந்துபோகும் இடத்தில் போட வேண்டும் என்பதுதான் முக்கியம். பூங்காவின் மூலையில் போட்டால் காக்கைதான் உட்காரும்.

பேச்சுத்துணையால் தீராத நிலையும் உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், குளிப்பதையும் பூஜையையும் விட்டுவிட்டால், "நான் யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது" என்ற பேச்சு அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலேயே, எந்நேரமும் பேசலாம். முதியோருக்கான எல்டர்லைன் எண் 14567. எண்ணை எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல், முதல் முறை பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அழைத்துப் போனை அவர் கையில் கொடுங்கள். என் நோயாளிகள் பலருக்கு அந்த முதல் அழைப்புதான் மலைப்பாக இருந்திருக்கிறது.