காலேஜ் லைப்ரரில இருக்கிற பட டிவிடிய யாருக்கெல்லாம் போட்டுக் காட்டலாம்?

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு காலேஜ்ல என்.எஸ்.எஸ். கேம்ப் போற பசங்க லைப்ரரிக்கு வந்து ஒரு டாகுமெண்டரி டிவிடி கேட்டாங்க, ஊர்ல மாரியம்மன் கோயில் முன்னாடி ஸ்க்ரீன் கட்டி போடணுமாம். லைப்ரரியன் தயங்குனதும் "காசு குடுத்து வாங்குனதுதானே சார், போட்டா என்ன"ன்னு ஒரே சத்தம்.

நியாயமான கேள்விதான், ஆனா டிவிடி வாங்குனா அந்தத் தட்டுதாங்க நம்மளுது, படத்தை பொதுவுல காட்டுற உரிமை தயாரிப்பாளர்கிட்டயோ அவர்கிட்ட உரிமை வாங்குனவங்ககிட்டயோதான் இருக்கும். வெளிநாட்டு டாகுமெண்டரி விக்கிறவங்க பலபேர் இதுக்கு பப்ளிக் பெர்ஃபார்மன்ஸ் ரைட்ஸ்னு தனி ரேட்டே போடுவாங்க.

நம்ம 1957 காப்பிரைட் சட்டத்துல 52(1)(ஜே)னு ஒரு விலக்கு இருக்கு. காலேஜ் நடவடிக்கையோட பாகமா படம் போட்டு, பாக்கிறவங்க ஸ்டாஃப், ஸ்டூடண்ட்ஸ், அவங்க அப்பா அம்மா இல்ல கார்டியன், அப்புறம் காலேஜ் நடவடிக்கைகளோட சம்பந்தப்பட்டவங்க, இவங்க மட்டும்னா யார்கிட்டயும் அனுமதி கேக்க வேணாம். கிளாஸ் ரூமுக்குள்ளதான் போடணும்னும் அதுல இல்ல, யார் பாக்கிறாங்கங்கிறதுதான் கணக்கு. கோயில் முன்னாடி போட்டா மொத்த ஊரும் உக்காரும், அவங்கள "சம்பந்தப்பட்டவங்க"ன்னு இழுத்துப் பிடிச்சு வாதாடலாம், நான் அந்த ரிஸ்க் எடுக்கமாட்டேன். தெரிஞ்சே மீறுனா 63வது பிரிவுல 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரை ஜெயில், 50,000 ரூபாயில இருந்து 2 லட்சம் வரை அபராதம் (லாப நோக்கம் இல்லன்னா கோர்ட் காரணம் சொல்லி குறைக்கலாம்).

டவுன்லோட் பண்ண திருட்டு காப்பிக்கு இந்த விலக்கு முட்டுக் குடுக்காது. ஓடிடி அக்கவுண்ட் பெரும்பாலும் சொந்த உபயோகத்துக்குன்னு ஒப்பந்தத்துலயே இருக்கும், ஆனா நெட்ஃப்ளிக்ஸ் அவங்க சொந்த டாகுமெண்டரி சிலதுக்கு கல்வி ஸ்க்ரீனிங் அனுமதி குடுக்கிறாங்க, அந்தப் படத்தோட வெப் பேஜ்லயே போட்டிருக்கும்.

பழைய படம்னா வெளியான வருஷம் முடிஞ்சு 60 வருஷம்தான் காப்பிரைட், அதாவது 1960ல வந்ததுக்கு 2020 கடைசியோட முடிஞ்சுது, பாட்டு எழுதுனவர், இசையமைச்சவர் மாதிரி ஆட்களோட உரிமை தனி, அவங்க இறந்து 60 வருஷம்.

லைப்ரரிக்கு புதுசா வாங்கறப்பவே பொதுவுல காட்டலாமா, எத்தனை தடவை, ஆன்லைன்ல விடலாமான்னு எழுத்துல கேட்டு வாங்கி, அந்த லெட்டர அக்செஷன் நம்பரோட (லைப்ரரி பதிவேட்டுல அந்த டிவிடிக்கு போடுற நம்பர்) ஃபைல் பண்ணிடுங்க, இல்லன்னா லைப்ரரியன் மாறுனதும் யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது.

பசங்க தயாரிப்பாளருக்கு ஊர் பேர், தேதியெல்லாம் போட்டு மெயில் அனுப்பியிருக்காங்க, பதில் வர்ற வரைக்கும் டிவிடி பீரோவுலதான்.