கை பின்னும்போது மனம் என்ன செய்கிறது?

1912-ல் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் ஒரு நாவல்கூட வெளியிட்டிருக்கவில்லை. மனநலம் குன்றி, ஓய்வெடுக்கச் சொல்லி மருத்துவர்கள் அனுப்பியிருந்த நேரம். சில மாதங்களில் தன்னை மணக்கவிருந்த லெனார்டுக்கு எழுதிய கடிதத்தில், கம்பளி பின்னுவதுதான் உயிரைக் காப்பாற்றுகிறது என்கிறார். அக்கா வனெஸ்ஸா பெல் அந்தக் காலத்தில் வரைந்த ஓவியத்திலும் அவர் நாற்காலியில் சாய்ந்தபடி பின்னிக்கொண்டுதான் இருக்கிறார். அதே வுல்ஃப், 1940-ல் ஒரு தோழிக்கு எழுதும்போது, தன் புத்தகங்களை எழுதுவதற்கு முன் எப்போதும் இசையாகவே நினைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். பின்னல், இசை இரண்டுமே ஒருவரின் எழுத்துக்குத் துணை நின்றிருக்கின்றன. ஆனால் மூளைக்குள் இரண்டும் செய்யும் வேலை வேறு வேறு.

முதலில் பின்னலைப் பார்ப்போம். ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். வாய்க்குள் “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணிக்கொண்டே, மனதில் ஒரு நீளமான வாக்கியத்தை அமைக்கப் பாருங்கள். பாதியிலேயே அறுந்துவிடும். இப்போது எண்ணுவதை விட்டுவிட்டு, விரலால் மேசையில் சீராகத் தட்டிக்கொண்டே அதே வாக்கியத்தை அமையுங்கள். சிரமமே இருக்காது. காரணத்தை ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-ல் முன்வைத்த விளக்கத்தில் காணலாம். அந்த நேரத்துக்கு வேண்டியதைப் பிடித்துவைக்கும் நம் செயல் நினைவு ஒரே அறை இல்லை. சொற்களை உள்ளுக்குள் சொல்லிப் பார்க்கும் இடம் ஒன்று, வடிவத்தையும் இடத்தையும் பார்க்கும் இடம் இன்னொன்று. கைவேலை பெரும்பாலும் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்கிறது. சொல்லுக்கான இடம் காலியாகவே இருக்கிறது.

ஒயர் கூடை பின்னுகிறவர்களைப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். அடி போடும்போது பேச்சுக் கொடுத்தால், “இரு, எண்ணிட்டு வர்றேன்” என்பார்கள். பக்கச்சுவர் எழும்பத் தொடங்கியதும் கை தன் பாட்டுக்கு முடிச்சுப் போடும், வாய் ஊர்க்கதை பேசும். ஸ்வெட்டரிலும் இப்படித்தான். முதுகுப் பக்கத்தை நேராகப் பின்னும்போது மனம் எங்கு வேண்டுமானாலும் போகலாம், கழுத்து வளைவுக்குக் கண்ணி குறைக்கிற இடத்தில் அது திரும்பி வந்தாக வேண்டும்.

பழகப் பழக இந்தச் சுதந்திரம் கூடுகிறது. புதிதாகக் கற்கும்போது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி ஒவ்வோர் அசைவையும் மேற்பார்வை பார்க்கிறது. நன்றாகப் பழகியபின் அந்த வேலையின் பெரும்பகுதி மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்பு முடிச்சுகளுக்கும் சிறுமூளைக்கும் போய்விடுகிறது. அதனால், கதை எழுத உதவும் என்று நம்பி இந்த வாரம் ஊசியும் நூலும் வாங்கியவருக்கு உடனே ஒன்றும் நடக்காது. அவர் ஸ்வெட்டரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருப்பார்.

சரி, காலியான அந்த இடத்தில் கதை தானாக முளைத்துவிடுமா? முளைக்காது என்றுதான் சான்றுகள் சொல்கின்றன. 2012-ல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு சோதனையில், செங்கல் போன்ற சாதாரணப் பொருளுக்குப் புதுமையான பயன்களை யோசிக்கச் சொன்னார்கள். பிறகு சிலருக்குக் கடினமான வேலை, சிலருக்கு மிக எளிதான வேலை, சிலருக்கு வெறும் ஓய்வு, சிலருக்கு இடைவேளையே இல்லை. மறுபடி அதே பொருள்களைக் கொடுத்தபோது, எளிதான வேலை செய்தவர்களின் மதிப்பெண் சுமார் 40 சதவீதம் கூடியிருந்தது. சும்மா ஓய்வெடுத்தவர்களுக்குக்கூட அந்த அளவு கூடவில்லை. ஆனால் இடைவேளைக்குப் பிறகு முதல்முறையாகக் கொடுத்த பொருள்களில் இந்த முன்னேற்றம் இல்லை. பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் தேடியபோது இதே பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே அந்த 40-ஐ யாரும் கல்வெட்டில் பொறிக்க வேண்டாம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு: ஏற்கெனவே மல்லுக்கட்டிய விஷயத்தில்தான் முன்னேற்றம் தெரிந்தது. எழுதிப் பார்த்து முட்டி நின்ற அத்தியாயம் ஒன்று மனதில் இருந்தால்தான் பின்னல் உதவும். யோசித்துத் தயாராவது முதல் கட்டம், விட்டுவிட்டு ஊறப்போடுவது அடுத்த கட்டம் என்று ஆங்கிலேயச் சமூக உளவியலாளர் கிரஹாம் வாலஸ் 1926-லேயே வரிசைப்படுத்தியிருக்கிறார்.

இசை வேலை செய்யும் விதமே வேறு. அது சொல்லுக்கான இடத்தைக் காலியாக விடுவதில்லை, நேராக உள்ளே வருகிறது. எதிர்பாராத ஸ்வரக்கூட்டு ஒன்று காதில் விழும்போது, மொழியின் இலக்கணத்தோடு தொடர்புடைய புரோக்கா பகுதியும் அதைக் கவனிக்கிறது என்று ஜெர்மனியில் நடந்த ஆய்வு ஒன்று 2001-ல் காட்டியது. 2003-ல் அனிருத் படேலும் ஜோசப் டேனியலும் ஆங்கில, பிரெஞ்சு இசையமைப்பாளர்களின் மெட்டுகளை அளந்து பார்த்தார்கள். அவரவர் தாய்மொழிப் பேச்சின் நெடில் குறில் ஏற்ற இறக்கம் வாத்திய இசையிலும் படிந்திருந்தது. பேச்சு இசைக்குள் போகிறது என்றால், இசை எழுத்துக்குள் வருவதில் வியப்பில்லை.

தமிழருக்கு இது புதிதும் இல்லை. திருப்புகழ்ப் பதிப்புகளில் பாட்டின் தலையில் “தத்தத்தன தத்தத் தனதன” என்று சந்தம் அச்சிட்டிருக்கும். அதில் பொருள் கிடையாது, சொல்லை வார்க்கும் வெறும் அச்சுதான். மெட்டுக்குப் பாட்டு எழுதுபவர்கள் இன்றும் தத்தகாரத்தை வைத்துக்கொண்டுதான் சொல் தேடுகிறார்கள். முதலில் நாக்கில் வருகிற தேய்ந்த சொல் பெரும்பாலும் அந்த அச்சில் உட்காராது. அதைத் தள்ளிவிட்டு அடுத்ததை, அதற்கும் அடுத்ததைத் தேடவேண்டிய கட்டாயம் வருகிறது. நல்ல வரி பல நேரம் அங்கேதான் கிடைக்கிறது.

வாத்தியம் வாசிப்பவருக்கு இன்னொன்றும் கிடைக்கிறது. சார்லஸ் லிம், ஆலன் பிரவுன் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து வாசிக்கச் சொன்னார்கள். மனப்பாடமானதை விட்டுவிட்டுக் கற்பனையாக வாசித்தபோது, தன்னையே கண்காணித்துத் திருத்தும் முன்மூளைப் பகுதி அடங்கியது. முதல் வரைவு எழுதும்போது எழுத்தாளர் ஏங்குவதும் அதற்குத்தான். வெறும் ஆறு பேரை வைத்துச் செய்த ஆய்வுதான், ஆனாலும் கவனிக்க வேண்டியது.

அப்புறம், எழுதும்போது பின்னணியில் பாட்டு ஓடலாமா? வரிகள் உள்ள பாட்டு வேண்டாம். மேலே சொன்ன எண்ணும் சோதனைதான் இங்கேயும் நடக்கும்: பாடகரின் சொல்லும் உங்கள் சொல்லும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். எழுத உட்காருமுன் கேளுங்கள், அல்லது பின்னும்போது கேளுங்கள். பின்னும்போது தோன்றியதை அந்தக் கணமே குறித்தும் வையுங்கள். கை ஒழியாது என்றால் போனில் பேசிப் பதிவு செய்துவிடலாம். செயல் நினைவு ஒரு நேரத்தில் நாலைந்து விஷயங்களுக்கு மேல் தாங்காது. அடுத்த நிறத்துக்கு எத்தனை வரிசை என்ற கணக்கு வந்ததும், அதுவரை பிடித்துவைத்திருந்த வசனம் போய்விடும்.