பெற்றோரின் மனவடு பிள்ளைக்கும் நோயாகுமா?

கிளிநொச்சியில் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் என்னிடம், வகுப்பில் அடிக்கடி நித்திரையாகிவிடும் பத்து வயது மாணவி ஒருத்தியைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் அவளது ஆசிரியை அழைத்து வந்தார். (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.) 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னர் பிறந்த அவள், செல் (எறிகணை) விழுந்ததையோ பதுங்குகுழியையோ கண்டதில்லை. ஆயினும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் ஒரு போத்தல் தண்ணீரையும் பையிலிட்டு ஒவ்வோர் இரவும் கதவருகே வைத்துவிட்டு, "அம்மா நித்திரை கொண்ட பிறகுதான் நான் படுப்பன்" என்றாள். தாய் முள்ளிவாய்க்காலில் தன் முதல் மகனை இழந்தவர். மகளிடம் அதைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை.

தாயின் மனவடு நோய் மகளுக்கும் வந்துவிட்டதா என்று ஆசிரியை கேட்டார். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் (PTSD) 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் இடம்பெற்றது. அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, இந்நோய் என்று சொல்வதற்கு, உயிராபத்து, கடுங்காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றில் ஒன்றை ஒருவர் தாமே அனுபவித்தோ, நேரில் கண்டோ, நெருங்கிய உறவினருக்கோ நண்பருக்கோ நேர்ந்ததாக அறிந்தோ, பணியின் நிமித்தம் அதன் கொடிய விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொண்டோ இருக்க வேண்டும். நோயுற்ற பெற்றோருடன் வாழ்வது மட்டும் இந்த வரையறைக்குள் வராது. அந்தச் சிறுமியின் கனவில் வந்ததும் போரன்று, அம்மா காணாமற் போவதுதான். அதனால் அவளுடையதைப் பதகளிப்பு (anxiety) என்றே கொண்டோம்.

ஆனால் கேள்வி அத்துடன் முடிந்துவிடவில்லை. நாசிகளின் இன அழிப்பிலிருந்து தப்பிய யூதர்களின் வளர்ந்த பிள்ளைகளை ஆராய்ந்த உளவியலாளர் ரேச்சல் யெகூடா குழுவினர், அவர்கள் பிறரைவிடக் கூடுதலான கொடுநிகழ்வுகளைச் சந்திக்காதபோதும் அவர்களிடையே இந்நோய் அதிகமாக இருந்ததை 1998இல் வெளியிட்டனர். அதாவது, பெற்றோரின் மனவடு பிள்ளையிடம் நோயை நேரடியாக ஊன்றாவிட்டாலும், பின்னாளில் வரும் அடியைத் தாங்கும் வலுவைக் குறைத்துவிடக்கூடும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறொன்று. இலங்கை வடகிழக்கின் தமிழ்ச் சிறுவர்களிடம் செய்யப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்று, போர் அனுபவத்தோடும் தந்தையின் மதுப்பழக்கத்தோடும் வீட்டு வன்முறை தொடர்புற்றிருப்பதைக் காட்டியது. மனவடுவோடு வாழும் தந்தை குடித்துவிட்டுத் தாயை அடிப்பதைக் காணும் பிள்ளைக்கு, அல்லது தாய் உயிர்மாய்க்க முயன்றதைக் கண்ட பிள்ளைக்கு, அதுவே சொந்த நெருக்கீடாகிறது. அங்கே நோய் வரலாம், வருகிறது. மனவடுவுள்ள பெற்றோர் பெரும்பாலானோர் தம் பிள்ளைகளை அடிப்பவர்கள் அல்லர் என்பதையும் நான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அந்தச் சிறுமிக்காக நாங்கள் முதலில் தாய்க்கே சிகிச்சை தொடங்கினோம். சத்தம் கேட்டால் அம்மா ஏன் உறைந்து போகிறார் என்பதற்குக் காரணம் தெரியாத பிள்ளை, தானாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்ளும். பல வேளைகளில் அது தன் குற்றமென்றே நினைத்துக்கொள்ளும். சில மாதங்களின் பின் தாய், சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்த புகைப்படத்தை எடுத்துக் காட்டி, "இதுதான் உன்ர அண்ணா" என்று மகளிடம் சொன்னார். பை இன்னும் சில வாரங்கள் கதவருகே இருந்தது. பிறகு ஒருநாள் அவளே அதைப் பாடசாலைக்குக் கொண்டுபோனாள்.

உங்கள் வீட்டிலும் பிள்ளை இப்படிக் காவலிருந்தால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள். இலங்கையின் தேசிய உளநல உதவி எண் 1926.