கிணற்று மோட்டார் கணக்கு நீச்சல் குளத்துக்கு ஒத்துவராது

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு தோப்பு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. நீச்சல் குளத்துக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பம்ப் ஒன்றைச் சாதாரண பம்ப்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விலை கொடுத்துப் பொருத்தி ஓராண்டு ஆகியும் மின்கட்டணம் குறையவே இல்லை என்பது அவர்கள் குறை. மோட்டார் அறைக்குள் குனிந்து திரையைப் பார்த்தேன். நிமிடத்துக்கு 2900 சுற்று என்று காட்டியது. பொருத்தியவர் வேகத்தை அமைத்துக் கொடுக்காமலே போயிருக்கிறார், 2 எச்.பி. பம்ப் அந்தச் சிறிய குளத்து நீரை ஓராண்டாக முழு வேகத்தில் சுழற்றிக்கொண்டிருந்தது. குறைந்த வேகமே போதும் என்று நான் சொன்னபோது, "ரெண்டு எச்.பி. முழுசா ஓடுனாத்தானுங்க தண்ணி நல்லா இழுக்கும்" என்றார் தோப்புக்காரர்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். கோவையைச் சுற்றியுள்ள நமக்கு மோட்டார் புதிதல்ல. கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்கக் குதிரைத்திறனை ஏற்றிக்கொண்டே போன அனுபவம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறது. அந்த அனுபவந்தான் குளத்தில் நம்மை ஏமாற்றுகிறது. கிணற்று மோட்டார் தண்ணீரை உயரத்துக்குத் தூக்க வேண்டும். பம்ப் தரும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தைப் பாதியாக்கினால் தூக்கும் உயரம் கால் பங்காகிவிடும், தண்ணீர் மேலே வந்து சேராது. நீச்சல் குளத்திலோ தண்ணீர் எந்தக் குளத்திலிருந்து கிளம்புகிறதோ அதே குளத்துக்குத் திரும்புகிறது. தூக்க வேண்டிய உயரம் என்று ஒன்றில்லை. குழாய், வளைவு, மணல் வடிகட்டி ஆகியவற்றின் உராய்வை வென்றால் போதும். ஆகவே வேகத்தைப் பாதியாக்கினால் நீரோட்டம் பாதியாகக் குறையும், ஆனால் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப இறங்கி எட்டில் ஒரு பங்காகிவிடும். மோட்டாரிலும் மின்னணுப் பகுதியிலும் ஏற்படும் இழப்புகளைச் சேர்த்தாலும் அது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் உள்ள குளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 38,400 லிட்டர் நீர் இருக்கும். முழு வேகத்தில் மணிக்கு 13,000 லிட்டர் தள்ளி 1.1 கிலோவாட் எடுக்கும் பம்ப்பை 6 மணி நேரம் ஓட்டினால் 78,000 லிட்டர், அதாவது இரண்டு முழுச் சுற்று, வடிகட்டியைக் கடந்துவிடும், செலவு 6.6 யூனிட். அதே பம்ப்பைப் பாதி வேகத்தில் 12 மணி நேரம் ஓட்டினாலும் அதே 78,000 லிட்டர்தான், ஆனால் 200 வாட் என்று வைத்துக்கொண்டால் செலவு 2.4 யூனிட்டே. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் நம் வீட்டு இணைப்பில் 396 யூனிட் எங்கே, 144 யூனிட் எங்கே! குளத்தோடு ஏசியும் ஓடுகிற வீடு 500 யூனிட்டைத் தாண்டி மேல் கட்டணப் படிக்குப் போவதும் போகாததும் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. (தோட்டத்து இலவச மின் இணைப்பில் குளத்து பம்ப்பை மாட்டிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது விதிமீறல், நான் செய்து தருவதில்லை.)

எனவே கடைக்குப் போகுமுன் எச்.பி.யை மறந்துவிட்டு, வடிகட்டியின் விட்டத்தையும் குழாயின் அளவையும் குறித்துக்கொண்டு போங்கள். சிறு குளங்களில் பொதுவாகக் காணப்படும் 500 மில்லிமீட்டர் மணல் வடிகட்டி மணிக்கு 10,000 லிட்டருக்கு மேல் தாங்காது. அதற்கு மேல் தள்ளினால் அழுக்கு மணலில் தங்காமல் குளத்துக்கே திரும்பிவிடும். உறிஞ்சு குழாயில் நீர் நொடிக்கு 1.5 மீட்டருக்குள் ஓடுவது நல்லது. வெளிவிட்டம் 50 மில்லிமீட்டர் உள்ள குழாயில் அது மணிக்கு எட்டாயிரத்துச் சொச்சம் லிட்டர்தான். பெரிய பம்ப் வாங்கி இந்த இரண்டின் கழுத்தையும் நெரிப்பதில் பயனில்லை. ஆனால் மிகச் சிறியதும் உதவாது, ஏனெனில் மணலைப் பின்னோக்கிக் கழுவும்போது அந்த வடிகட்டிக்கு மணிக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் தேவைப்படும். நான் சொன்ன அளவுக் குளத்துக்கு ஒன்றரை எச்.பி. தாராளம்: அன்றாடச் சுழற்சிக்கு 1450, கழுவுவதற்கு 2200. பம்ப்பின் வரைபடத்தில் முழு வேகக் கோட்டை மட்டும் காட்டி விற்பவரிடம், 1450-இல் எவ்வளவு தள்ளும், எத்தனை வாட் எடுக்கும் என்று கேளுங்கள்.

இருக்கிற பழைய மோட்டாருக்கே, வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவியான டிரைவ் ஒன்றை மாட்டிக்கொள்ளலாமே என்ற யோசனை, வார்ப்பட ஆலைகளும் லேத்துப் பட்டறைகளும் நிறைந்த நம் ஊரில் இயல்பாக வருவது. மூன்று ஃபேஸ் மோட்டார் என்றால் அது நடக்கும். கண்டென்சர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் செய்தால் கண்டென்சரோ சுருளோ கருகும். புதிதாக வாங்குபவர்கள் நிலைக்காந்த மோட்டாரும் டிரைவும் ஒன்றாக அமைந்ததைத் தேர்ந்தெடுப்பதே நல்லது; எவ்வளவு குறைந்த வோல்டேஜ் வரை ஓடும் என்பதைக் கேட்டு வாங்குங்கள், தோட்டத்து லைன்களில் மாலை நேர வோல்டேஜ் எப்படி இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மூடிய குழிக்குள் வைத்தால் வெப்பம் டிரைவைக் கொல்லும். பல்லி புகுந்து ஷார்ட் ஆன பலகைகளையும் பார்த்திருக்கிறேன். கேபிள் நுழையும் துளையை அடைக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. எர்த்தும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் பேரத்துக்கு உரியவை அல்ல. டிரைவின் கசிவு மின்னோட்டத்தால் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால் தயாரிப்பாளர் சொல்லும் வகையைப் பொருத்த வேண்டுமே தவிர, அதைக் கழற்றி எறியக் கூடாது.

மெதுவான வேகம் எல்லா நேரத்துக்கும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வைகாசிக் கடைசியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் மேல்காற்று தூசியையும் சருகையும் தென்னம்பூவையும் குளத்தின் கிழக்கு ஓரத்துக்குத் தள்ளும். மேற்பரப்பு அழுக்கை இழுக்கும் ஸ்கிம்மர் அந்தப் பக்கத்தில் இருந்தாலும், 1450-இல் அதன் இழுப்பு பலவீனமாகவே இருக்கும். ஆகையால் அந்த மாதங்களில் காலையில் ஒரு மணி நேரம் 2000-க்கு ஏற்றி வையுங்கள். உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் கருவி இருந்தால், அதன் ஓட்ட உணரி அணைந்துபோகாத வேகமே உங்கள் கீழ் எல்லை. குளத்து மட்டத்துக்கு மேலே வைத்த பம்ப், தொடங்கும்போது காற்றை வெளியேற்றச் சில நிமிடம் வேகமாக ஓடியாக வேண்டும்.

அழுத்தமானியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வேகம் பாதியானால் முள் கால் பங்குக்கு இறங்கிவிடும் என்பதால், வடிகட்டி அடைத்திருந்தாலும் 1450-இல் அது தெரியாது. வாரம் ஒருமுறை 2200-க்கு ஏற்றி, மணல் சுத்தமாக இருந்த நாளில் அதே வேகத்தில் குறித்து வைத்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்தத் தோப்பு வீட்டில் வேகத்தை 1450-க்கு இறக்கியதும் தோப்புக்காரர் நீர் திரும்பும் துளையில் கை வைத்துப் பார்த்து, "செத்துப்போச்சுங்களே" என்றார். ஒரு வாரம் பார்க்கலாம் என்று சொல்லி, மூன்று வேகங்களையும் அழுத்தமானியின் அளவையும் மோட்டார் அறைச் சுவரில் பெயிண்டால் எழுதிவிட்டு வந்தேன். எட்டாம் நாள் அவரே அழைத்தார். தண்ணீர் அப்படியே தெளிவாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, மோட்டார் சத்தமே கேட்காததால் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று இரவில் இரண்டு முறை டார்ச்சோடு போய்ப் பார்த்ததாகவும் சொன்னார்.