மாநாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கடலைப் பற்றி யார் சொல்வது?

கடலோர நகரங்களில் மாநாடுகளும் கம்பெனிக் கூட்டங்களும் நடத்திக் கொடுப்பது என் தொழில். பதினேழு வருடமாக இதைத்தான் செய்கிறேன். இடம் பார்க்க வரும் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம்: விமான நிலையம் எவ்வளவு தூரம், எத்தனை அறைகள், பெரிய அரங்கில் எத்தனை பேர் உட்காரலாம், வைஃபை தாங்குமா, கடைசி நாள் விருந்தைக் கடற்கரையிலேயே வைக்க முடியுமா. அந்த மாதத்தில் கடல் எப்படி இருக்கும் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. முதல் ஒன்பது வருடம் நானும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

திறக்க வைத்தது ஒரு ராத்திரி. ஒரு கம்பெனியின் விற்பனைக் கூட்டம், இரண்டாம் நாள் விருந்து, ஹோட்டலுக்கு முன்னால் மணலில் மேஜைகள் போட்டிருந்தோம். பத்து மணியைத் தாண்டியிருக்கும். நான்கு பேர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போய் நின்றார்கள். ஒரு அலை ஒருவரை உட்கார வைத்தது. அவர் எழுந்தபோது தண்ணீர் இடுப்பில், அடுத்த அலைக்கு நெஞ்சில். நன்றாக நீந்தத் தெரிந்த அவருடைய நண்பர் உடனே பாய்ந்தார், இப்போது இரண்டு பேர் தூரமாகிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி வேலைக்கு வந்திருந்த பையன் ஒருவன் காலியான இருபது லிட்டர் தண்ணீர் கேனை மூடி, கயிற்றில் கட்டி வீசினான். மூன்றாவது வீச்சில் பிடித்துக்கொண்டார்கள். இருவரும் பிழைத்தார்கள், ஒருவர் நுரையீரலில் தண்ணீர் போய் இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். அன்றைக்கு எங்களிடம் முதலுதவிப் பெட்டி இருந்தது, தீயணைப்புக் கருவிகள் இருந்தன, வாசலில் ஆம்புலன்ஸ்கூட நின்றது. அறுபது அடி தூரத்தில் இருந்த கடலுக்கென்று நாங்கள் யோசித்து வைத்திருந்தது ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகுதான் ஒன்று எனக்குப் புரிந்தது. சுற்றுலாவுக்கு வருகிறவர் கடலுக்கென்றே வருகிறார். பகலில் போகிறார், குடும்பத்தோடு போகிறார், நான்கு பேரிடம் விசாரித்துவிட்டுப் போகிறார். மாநாட்டுக்கு வருகிறவர் காலையிலிருந்து அரங்கத்துக்குள் இருக்கிறார், அவருக்குக் கிடைப்பது நிகழ்ச்சி முடிந்த பிறகு ஒரு மணி நேரம், இருட்டிய பிறகு, பல கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் வேலை முடிந்து கிளம்பிய பிறகு, பெரும்பாலும் விருந்தில் இரண்டு கோப்பை உள்ளே போன பிறகு. தன்னை ஒரு சுற்றுலாப் பயணி என்றே அவர் நினைப்பதில்லை, அதனால் சுற்றுலாப் பயணிகளுக்கென்று வைத்திருக்கும் பலகையை நின்று படிப்பதும் இல்லை.

இன்னொரு விஷயம், இதை எங்கள் தொழிலில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. மாநாடுகளைப் பல நேரம் சீசன் இல்லாத மாதங்களில்தான் வைக்கிறோம். அறை வாடகை குறைவு, விமானச் சீட்டு கிடைக்கும், அரங்கம் காலியாக இருக்கும். ஹோட்டல்காரர்களுக்கும் அந்த மாதங்களை நிரப்ப ஆள் வேண்டும். ஒரு கடலோர நகரம் வருடம் முழுக்கப் பிழைப்பதே சுற்றுலாவும் மாநாடும் இப்படி மாறி மாறி வருவதால்தான். சரி, சீசன் ஏன் முடிந்தது? பல ஊர்களில் காற்று மாறியதால், அலை பெரிதானதால், மழையோ புயலோ வரும் காலம் என்பதால். அதே மாதங்களில் கூட்டம் குறைவு என்று உயிர்காப்பாளர்களையும் குறைத்துவிடும் கடற்கரைகள் நிறைய. கடல் முரட்டுத்தனமாக இருக்கும்போது, கண்காணிக்க ஆள் குறைவாக இருக்கும்போது, கடல் பழக்கமே இல்லாத முந்நூறு பேரை நாங்கள் பேருந்தில் கொண்டுவந்து இறக்குகிறோம்.

அந்த இரண்டு பேரை இழுத்தது என்ன என்பதைப் பிறகு ஒரு உயிர்காப்பாளர் எனக்கு மணலில் விரலால் வரைந்து காட்டினார். அலைகள் தண்ணீரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமே. நீருக்கடியில் இருக்கும் மணல் திட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அந்த வழியாக, ஒரு வாய்க்கால் போல, வேகமாகத் திரும்பும். இதைத்தான் ரிப் கரண்ட் என்கிறார்கள், இழுப்பு நீரோட்டம். சாதாரண நாளில் நொடிக்கு ஒன்றிரண்டு அடி வேகம்தான், ஆனால் நொடிக்கு 8 அடி வரை அளந்திருக்கிறார்கள், அது ஒலிம்பிக் நீச்சல் வீரரின் வேகத்துக்கும் மேல். அமெரிக்கக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் செய்யும் மீட்புகளில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்த நீரோட்டத்தால்தான் என்று அங்குள்ள உயிர்காப்புச் சங்கம் கணிக்கிறது.

இதில் மிகவும் பயப்பட வேண்டியது அதன் தோற்றம். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும், நடுவில் ஒரு பட்டை மட்டும் கொஞ்சம் இருண்டு, அலையே இல்லாமல் அமைதியாகத் தெரியும். சில நேரம் கலங்கிய மணலும் நுரையும் அந்த வழியாகக் கடலை நோக்கிப் போவதைப் பார்க்கலாம். தெரியாதவர் கண்ணுக்குக் குளிக்க நல்ல இடம் அதுதான். இரவில் இந்த அடையாளங்கள் ஒன்றுமே தெரியாது, ராத்திரியில் கடலில் இறங்கவே கூடாது என்று நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பது அதனால்தான்.

மாட்டிக்கொண்டால்? இந்த நீரோட்டம் ஆளை அடியில் அமுக்காது, தூரமாகக் கொண்டுபோகும், அவ்வளவுதான். மூழ்குகிறவர்களில் பலர் கரையைப் பார்த்து நேராக நீந்திக் களைத்துப்போனவர்கள். மல்லாந்து மிதந்து, மூச்சைச் சீராக்கி, ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். நீந்தத் தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில், அலை உடையும் வெள்ளைப் பகுதியை நோக்கிப் போங்கள். அங்கே அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும். கரையில் நிற்பவர், எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும், வெறுங்கையோடு குதிக்காதீர்கள். மிதக்கும் எதையாவது வீசுங்கள். மூடிய தண்ணீர் கேன், காலி ஐஸ் பெட்டி, எதுவானாலும் சரி.

மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். பிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர் உண்மையான மீட்புகளைப் படமெடுத்துப் பார்த்துச் சொன்னது இது: உண்மையில் மூழ்குகிறவரால் பெரும்பாலும் கத்த முடியாது, கைகள் தன்னிச்சையாகப் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும், அதுவும் 20 முதல் 60 நொடி வரைதான். கரையில் பாட்டும் பேச்சும் போய்க்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. வெளியே எடுத்த பிறகு வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். மூச்சு இல்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள், அப்புறம் நெஞ்சை அழுத்துங்கள், இரண்டும் மாறி மாறி நடக்க வேண்டும், ஏனென்றால் மூழ்கியவருக்கு முதலில் தேவை பிராணவாயு. எழுந்து உட்கார்ந்துவிட்டாலும், இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

கொடிகளையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக இருக்கும் இரண்டு கொடிகளுக்கு நடுவே உயிர்காப்பாளரின் கண்காணிப்பு உண்டு, அங்கே குளிக்கலாம். சிவப்புக் கொடி ஆபத்து, இரட்டைச் சிவப்பு என்றால் தண்ணீருக்குள் யாரும் போகக் கூடாது, ஊதா என்றால் ஜெல்லி மீன் மாதிரி கடல் உயிரினங்களின் தொல்லை. பல இடங்களில் இதுதான் வழக்கம், ஆனால் சில நாடுகளில் ஒற்றைச் சிவப்புக் கொடிக்கே தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அர்த்தம், அதனால் போன இடத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடற்கரை விருந்து பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 டிசம்பர் 22, இந்தோனேசியாவின் ஜாவா தீவில் தஞ்சுங் லெசுங் என்ற கடற்கரை விடுதி. அரசு மின் நிறுவனத்தின் ஊழியர்கள் குடும்பத்தோடு ஆண்டு இறுதிக் கொண்டாட்டத்துக்கு வந்திருந்தார்கள். இரவு ஒன்பதரை மணியளவில் மேடையில் இசைக்குழு பாடிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து வந்த சுனாமி அந்த மேடையையே பார்வையாளர்கள் மேல் தூக்கிப் போட்டது. அனக் கிரகத்தோவா எரிமலையின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்ததில் எழுந்த அலை அது. பெரிய நிலநடுக்கம் முன்னால் வரவில்லை, அதனால் எச்சரிக்கையும் வரவில்லை. அந்தக் கரையோரப் பகுதிகளில் மொத்தம் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான் போடுவது மாதிரியான மேடை, நான் அழைத்துவருவது மாதிரியான மனிதர்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகு மணலில் விருந்து வைப்பதை நான் நிறுத்திவிட்டேன். கடல் தெரியும் மொட்டை மாடியில் வைக்கிறேன், காற்றும் அதேதான், நிலவும் அதேதான். வாடிக்கையாளர் மணலில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மேடையைக் கடலுக்கு முன்னால் போடுவதில்லை (கடல் என்ன செய்கிறது என்பதையே அது மறைத்துவிடுகிறது), மேட்டுக்குப் போகும் வழி முழுக்க விளக்கு இருக்கும், அந்த வழியை எல்லோரையும் ஒருமுறை நடந்து பார்க்கச் சொல்வேன். பலமான நிலநடுக்கம் நீண்ட நேரம் உணரப்பட்டால், அல்லது கடல் திடீரென உள்வாங்கினால், சைரனுக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கோ உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மேல் மாடிக்கோ ஓட வேண்டும். ஓர் அலை வடிந்ததும் செருப்பையும் செல்போனையும் தேடி இறங்கிவிடக் கூடாது, அடுத்தடுத்த அலைகள் மணிக்கணக்கில் வரலாம், முதல் அலையைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

ஏற்பாட்டாளர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒப்பந்தத்தில் புயல் எச்சரிக்கை வந்தால் என்ன என்பது பணத்தைத் திருப்பித் தருவது பற்றி மட்டும் இருக்கிறது. எத்தனை மணி நேரத்துக்கு முன் கூட்டத்தைக் கலைப்பது, யார் முடிவெடுப்பது என்பதையும் எழுத வையுங்கள். விருந்து நேரம் முடியும்வரை உயிர்காப்பாளருக்குச் சம்பளம் கொடுத்து நிறுத்துங்கள், பூ அலங்காரத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை.

இப்போதெல்லாம் முதல் நாள் காலை ஏழு மணிக்கு ஹோட்டல் மாடியில் ஏறி அன்றைய கடலை ஒரு படம் எடுக்கிறேன். வரவேற்புரைக்கு முன்னால் அதைத் திரையில் போட்டு, "இதில் எந்த இடத்தில் குளிப்பீர்கள்?" என்று கேட்கிறேன். இழுப்பு இருக்கும் நாளில் அரங்கில் முக்கால்வாசிக் கைகள் அந்த அமைதியான இருண்ட பட்டையைத்தான் காட்டுகின்றன. அது என்ன என்று சொன்னதும் அரங்கம் கொஞ்ச நேரம் அப்படியே அமைதியாகிவிடும், அப்புறம் யாராவது ஒருவர் எழுந்து, "உயிர்காப்பாளர் எத்தனை மணிவரை இருப்பார்?" என்று கேட்பார்.