எண்டோபீனோடைப்: தமிழில் என்னவென்று சொல்வது?

ஏடிஹெச்டியின் (கவனக்குறைவும் மிகையியக்கமும் சேர்ந்து வரும் குறைபாடு) மரபியலைப் பற்றிப் படிக்கப் போனால் சீக்கிரமே எதிர்ப்படும் சொல் எண்டோபீனோடைப். இதில் பீனோடைப் (ஓர் உயிரிடம் வெளியே தெரியும் பண்புகள்) என்பது டென்மார்க் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன் 1909இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது, 'வெளிக்காட்டு' என்ற கிரேக்க வினையிலிருந்து பிறந்தது. 'எண்டோ' என்றால் உள்ளே. அதை முன்னால் ஒட்டியவர்கள் மனநல மருத்துவர்கள்கூட இல்லை. 1966இல் வெட்டுக்கிளிகளின் பரவலை விளக்கவந்த ஜான், லூயிஸ் என்ற இருவர், வெளியே தெரியாமல் நுண்ணோக்கிக்கு மட்டும் அகப்படும் உள்ளமைப்பை அப்படி அழைத்தார்கள். 1970களில் காட்டஸ்மனும் ஷீல்ட்ஸும் அதை மனச்சிதைவு ஆய்வுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

சரி, ஏடிஹெச்டிக்கு இது எதற்கு? இரட்டையர் ஆய்வுகளில் பரம்பரையின் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை வருகிறது, ஆனால் 'இதுதான் அந்த ஜீன்' என்று கைகாட்ட ஒன்றுமில்லை. 1996 முதல் பெரிதாகப் பேசப்பட்ட டிஆர்டி4 என்ற ஜீன்கூட, 2019இல் 20,000க்கும் மேற்பட்ட ஏடிஹெச்டிகாரர்களை வைத்துச் செய்த மரபணுத்தொகுதி ஆய்வு கண்ட 12 இடங்களில் இல்லை. அந்த 12லும் ஒவ்வொன்றின் பங்கு சொற்பம்தான். அதனால் ஜீனுக்கும் நடத்தைக்கும் நடுவே, அளக்கத் தோதான ஒன்றைத் தேடினார்கள்; அதுதான் எண்டோபீனோடைப்.

உதாரணமாக ஒரு சோதனை: திரையில் அம்புக்குறி வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும், 'பீப்' கேட்டால் அழுத்தப்போன விரலை நிறுத்த வேண்டும். ஏடிஹெச்டி பிள்ளைகள் பலருக்கு நிறுத்தக் கூடுதல் நேரம் பிடிக்கிறது; அதைவிட முக்கியம், அழுத்தும் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை, நடுநடுவே ஒன்றிரண்டு ரொம்பத் தாமதமாக விழும். அறிகுறி எதுவும் இல்லாத உடன்பிறப்புகளிடமும் இது ஓரளவு தென்படுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. எண்டோபீனோடைப் என்று ஏற்க முக்கியமான நிபந்தனையே இதுதான். உயிர்க்குறி (பயோமார்க்கர், உடல்நிலையைக் காட்டும் அளவீடு) வேறு, அது பரம்பரையாக வரவேண்டும் என்று கட்டாயமில்லை.

தமிழுக்கு வருவோம். நம் பாடநூலில் பீனோடைப் 'புறத்தோற்றம்', அதில் எண்டோவை ஒட்டினால் 'அகப்புறத்தோற்றம்' என்று விபரீதமாகிவிடும்! இலங்கைப் பாடநூலின் 'தோற்றவமைப்பு' இங்கே கைகொடுக்கிறது: அகத்தோற்றவமைப்பு. கொஞ்சம் நீளம்தான், அன்றாடத்துக்கு 'அகத்தோற்றம்' போதும். 'அகப்பண்பு' மட்டும் வேண்டாம், குணத்தைச் சொல்வதுபோல ஆகிவிடும்.

அப்புறம் ஒன்று, இந்தப் பொத்தான் சோதனையை நன்றாகச் செய்கிற ஏடிஹெச்டி பிள்ளைகளும் நிறைய உண்டு. அதனால் மருத்துவர் இன்னமும் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விசாரித்துத்தான் முடிவுக்கு வருகிறார்.